குறுக்குத்துறைப் பாதையில் மணிக்கு ஒரு பள்ளிக்கூடம்

திருநெல்வேலிக்கு வருகிற உறவுக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதுமே அல்வாக்கடைக்குத்தான் வழி கேட்கிறார்கள். அடுத்தபடியாக நெல்லையப்பர் கோயில். எங்கள் வீடு டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருப்பதால் இரண்டுக்கும் வழி சொல்லிச் சொல்லி எனக்கு வாயே தேய்ந்துவிட்டது. ஆனால் எனக்கு இந்த ஊரில் பிடித்த இடம், டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போகிற பாதை. காலை ஐந்தரை மணிக்கு அதில் நடந்து பாருங்கள். வயல் காற்று, மரங்கள், அங்கங்கே கல்மண்டபம், கடைசியில் தாமிரபரணி. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முங்கிப் போகும்; உற்சவரை முன்கூட்டியே கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, மறுபடி எழுந்து நிற்கிறது.

போன வருஷம் மூன்று மாதம் நான் அந்தப் பாதையில் தினமும் நடந்தேன். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டிக்கொண்டு நடக்கிறேன் என்று தெருவில் நினைத்தார்கள். பாதி உண்மைதான். நான் போனது எங்கள் மணிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க.

மணி எங்கள் நாய். என் வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிநேகிதர், கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போடுகிறவர். "காவலுக்கு ஆகும், கொண்டு போங்க" என்று இரண்டு மாதக் குட்டியை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். சிப்பிப்பாறை ஜாதி. விருதுநகர் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது. ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, குச்சி குச்சியாகக் கால். புதிதாகப் பார்க்கிறவர்கள், "என்ன மதினி, நாய்க்குச் சோறு போடுதது இல்லையா?" என்று கேட்பார்கள். எவ்வளவு போட்டாலும் உடம்பு அப்படித்தான். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், கோம்பை, கன்னி என்ற பெயர்களோடு சிப்பிப்பாறையும் வந்தது. அதிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தக் காலத்தில் இவற்றை வளர்த்தது முயல் வேட்டைக்கு. மோப்பம் பிடித்து மெல்லத் தேடுகிற ஜாதி இல்லை; கண்ணால் பார்த்து, பார்த்த வேகத்தில் பாய்கிற ஜாதி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. ஆக, மணியின் பரம்பரைத் தொழில் போய் ஐம்பது வருஷம் ஆயிற்று. அது மணிக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டுக்குள் மணி பரம சாது. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடப்பான். என் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்தால் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்குவான். ஆனால் தெருவில் ஒரு சைக்கிள் போனால், ஒரு பிள்ளை ஓடினால், காலையில் ஒருத்தர் கையை வீசி வேகமாக நடந்தால் போதும். காது விறைக்கும், கண் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி நிற்கும். அப்புறம் நாம் கூப்பிடுவது அவன் காதில் விழாது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டார். எதிர் வரிசை வீட்டுப் பெண்குழந்தை, ஆறாம் வகுப்பு, சைக்கிளில் போனாள். மணி பாய்ந்தான். அவள் பயந்து வளைக்க, சைக்கிளோடு விழுந்தாள். முழங்கை சிராய்ப்பு. மணியின் நகம் பட்டு ஆடுசதையில் ஒரு கீறல். பல் படவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தை தேம்பித் தேம்பி அழுத அழுகை இன்றைக்கும் என் வயிற்றைப் பிசைகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நாய் கடித்தாலும் கீறினாலும் மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நமக்கு இரண்டு நிமிஷமே பதினைந்து மாதிரி தோன்றும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது. எத்தனை ஊசி என்பதை டாக்டர் சொல்லட்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசம். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அந்தக் குழந்தையை நானே கழுவி, அவள் அம்மாவோடு ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஒவ்வொரு ஊசிக்கும் கூடப் போனேன். அவள் அம்மா என்னோடு பேசாமல் இருந்தது நியாயம்தான்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இந்தா பாரு, மக ஆவணி முடிய பிரசவத்துக்கு வாரா. மூணு வயசுப் பேத்தி கூட வாரா. அது வீடு பூரா ஓடுத பிள்ள. மணியை கோவில்பட்டிக்கே கொண்டு விட்டுட்டு வந்துருவோம்" என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் மணியின் தட்டில் சோறு வைத்தார்.

அடுத்த ஞாயிறு கோவில்பட்டிக்குப் போனோம். மணியையும் கூட்டிக்கொண்டு. சிநேகிதர் தோட்டத்தில் நாய் பார்க்கிற தாத்தா ஒருவர், எழுபது வயதிருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு மணியின் முதுகைத் தடவினார். "இதுக்குக் கண்ணுதான்மா நாயி. மத்ததெல்லாம் அந்தக் கண்ணுக்குப் பொறத்தால ஓடி வாரது. அடிச்சியளோ?" என்றார்.

இவர் தலையைக் குனிந்தார். அன்றைக்கு ஒரு அடி வைத்திருந்தார்.

"அடிச்சா என்ன தெரியும் அதுக்கு? சைக்கிள் வந்தா அடி விழும்னு தெரியும். அடுத்தால சைக்கிளைக் கண்டா இன்னும் கோவம்லா வரும்?"

மணியை விட்டுவிட்டு வரத்தான் போனோம். திரும்பி வரும்போது பின் சீட்டில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு மணியும் வந்தான். ஆவணி வரைக்கும் தவணை, அதற்குள் சரியாகாவிட்டால் மறுபேச்சு இல்லை என்று எனக்கும் அவருக்கும் உடன்படிக்கை.

வழி சொன்னது எங்கள் கால்நடை டாக்டரம்மா. அவர் சொன்னதில் பாதி நமக்குத் தெரிந்த சங்கதிதான். குக்கர் விசில் கேட்டதுமே பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதேதான். ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி, ஜீரணத்தைப் பற்றி ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு வாங்கியவர், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைத் தவறாமல் கேட்கவைத்தால் பிறகு சத்தத்துக்கே நாய்க்கு நாக்கில் நீர் ஊறுகிறது என்று காட்டினார். "ஓடுற ஆளைப் பார்த்தா துரத்தணும்னு இப்ப அதுக்குத் தோணுது. ஓடுற ஆளைப் பார்த்தா அம்மாகிட்ட ஏதோ கிடைக்கும்னு தோண வைக்கணும். அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டரம்மா. 'அவ்வளவுதான்' என்பதற்கு மூன்று மாதம்!

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே. "மணி" என்று மெல்லக் கூப்பிடுவது, அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்த அந்த நொடியில் ஒரு துண்டு வாயில் கொடுப்பது. எங்கள் வீடு சைவம். அதனால் இட்லித் துண்டு. வீட்டுக்குள் அது எடுபட்டது. தெருவில் எடுபடவில்லை, சைக்கிளுக்கு முன்னால் இட்லி எம்மாத்திரம்? அடுத்த வீட்டு மதினிதான் கைகொடுத்தாள். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் போடாமல் கோழி ஈரலை வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு டப்பாவில் தருவாள். (நாய்க்கு வெங்காயம் ஆகாது; திராட்சை, சாக்லேட் விஷம். நம் ஊர் அல்வாவும் வேண்டாம், அத்தனை நெய்யை அது வயிறு தாங்காது.) டப்பாவுக்கு இடம் சைக்கிள் ஷெட்டில். என் மாமியார், "அந்தக் கையாலயா எனக்குச் சோறு போடப் போற?" என்று தினமும் கேட்பார். நானும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டுவேன்.

கழுத்துப் பட்டையை மாற்றி மார்போடு சேர்த்துப் போடுகிற பட்டை வாங்கினோம். இந்த ஜாதிக்குக் கழுத்தை விடத் தலை சிறிது. சாதாரணப் பட்டை என்றால் பின்னால் இழுத்தே உருவிக்கொண்டு ஓடிவிடும். தினமும் விடிகாலையில் அவரே மணியைச் சுவர் வைத்த ஒரு தோப்புக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டார். ஓடுவதற்கென்று பிறந்ததைக் கட்டியே வைத்துவிட்டு அடக்கம் எதிர்பார்த்தால் எப்படி?

அப்புறம்தான் குறுக்குத்துறைப் பாதை. ஆனி மாதம், கார் நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டு போவார்கள். மணிக்கு இதைவிட நல்ல முதல் வகுப்பு வேறு கிடைக்காது. ஆட்கள் நகர்கிறார்கள், ஆனால் மெல்ல. நானும் மணியும் எட்ட ஒரு மண்டபத்தடியில் நிற்போம். அறுபது எழுபது தப்படி தூரம். அவன் அவர்களைப் பார்ப்பான், காது லேசாக நிமிரும், "மணி" என்பேன், திரும்புவான், ஈரல். மறுபடி பார்ப்பான், மறுபடி ஈரல். பத்து நிமிஷம், அதோடு சரி.

மூன்றாம் நாள் வயலிலிருந்து ஒரு ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "ஏ தாயி, நாயிக்கு ஊட்டி விடுதியாக்கும்? எங்களுக்கும் ஒரு வாய் தாயேன்!" வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தத்திலும் மணி என்னைத்தான் பார்த்தான்.

தூரம்தான் இதில் சூட்சுமம். தினமும் நாலைந்து தப்படி கிட்டே போவேன். ஆசைப்பட்டு ஒரு நாள் இருபது தப்படி தாண்டிப் போனேன். அந்நேரம் பார்த்து ஒருத்தர் வரப்பில் நாற்றுக்கட்டோடு ஓடிவர, மணி பாய்ந்து, நான் சேலையோடு வாய்க்கால் சேற்றில். ஈரலை வாயருகே நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "வாய்ல வெச்சாலும் திங்கலைன்னா நீங்க ரொம்பக் கிட்டப் போயிட்டீங்கன்னு அர்த்தம். திட்டாம திரும்பி நடங்க" என்றார். எனக்கு உடனே என் மகன் நினைவு வந்தது. சின்ன வயதில் கோபத்தில் இருக்கும்போது அவனுக்கு ஒரு வாய் ஊட்ட முடிந்ததா?

கயிற்றை இழுத்துப் பிடிப்பதும் தப்பு என்று தெரிந்துகொண்டேன். எதிரே ஆள் வந்தால் என் கை தானாகக் கயிற்றை இறுக்கும். 'அம்மாவே பயப்படுகிறாள், அப்போ வருகிறவர் ஆபத்தான ஆள்' என்று அவனுக்கு அது தந்தி அடிக்கிற மாதிரி. கயிற்றைத் தொங்கலாக விட்டு, மூச்சை விட்டு, முருகா என்று நடக்கப் பழக எனக்குத்தான் அதிக நாளாயிற்று.

ஆனித் தேரோட்டம் வந்தது. நெல்லையப்பர் தேரை ஊரே கூடிக் கையால் இழுக்கிற நாள். ஆயிரக்கணக்கான கால்கள், வேட்டு, கூச்சல். "மணியை மாடியில நிக்க வெச்சிப் பாப்போமா?" என்றார் இவர். வேண்டாம் என்றுவிட்டேன். உள் அறையில் ஃபேனைப் போட்டு, ரேடியோவைப் பாட விட்டு, அவனோடு நானும் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முதல் தேரோட்டம் அது. என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆடி பாதியில் குறுக்குத்துறைப் படித்துறை வரைக்கும் வந்துவிட்டோம். துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், ஈரத்துண்டோடு வேகமாகப் படியேறுகிறவர்கள். மணி பார்ப்பான், நான் கூப்பிடாமலே என் பக்கம் திரும்புவான். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! அந்தப் பெருமையோடுதான் அம்பாசமுத்திரத்துக்கு, என் பிறந்த வீட்டுக்கு, அவனைக் கூட்டிப் போனேன்.

அந்தச் சாலையே ஒரு அழகு. ஆற்றை விட்டு விலகியும் சேர்ந்தும் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று போகும். வாய்க்காலும் வாழையும் கூடவே வரும், தூரத்தில் பொதிகை மலை. பத்தமடையில் இறங்கினோம். கோரையை மெல்லிசாகக் கிழித்து அங்கே பெண்கள் நெய்கிற பட்டுப்பாயை விரல் மோதிரத்துக்குள் நுழைக்கலாம் என்பார்கள். அது கல்யாணத்துக்கு. நான் வாங்கியது முரட்டுக் கோரைப்பாய், சின்னது, மணிக்கு. "நாய்க்கா பாயி?" என்று கேட்டுச் சிரித்தபடியே ஓரத்தை நன்றாக மடித்துத் தைத்துத் தந்தார் அந்த அக்கா.

அம்பாசமுத்திரத்தில் காசிபநாதர் கோயில் பக்கம் ஆற்றுக்குப் போனோம். பையன்கள் ஓடி வந்து படியிலிருந்து தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கு இரண்டு மாதப் படிப்பும் ஒரு நிமிஷத்தில் ஆற்றோடு போயிற்று. குரைத்து, இழுத்து, பின்னங்காலில் நின்று... என் அண்ணன், "இதுக்கா ரெண்டு மாசம் வேலை மெனக்கெட்ட?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு டாக்டரம்மாதான் விளக்கினார். நாய் ஒரு பாடத்தை இடத்தோடு சேர்த்துப் படிக்கிறதாம். குறுக்குத்துறையில் நிற்கப் பழகியது அம்பாசமுத்திரத்துக்குச் செல்லாது. அது மறதி இல்லை, பிடிவாதமும் இல்லை. புது இடத்தில் மறுபடி தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் வரும். நான்கு நாள் அங்கேயே தங்கினேன். ஆற்றங்கரை மேட்டிலிருந்து தொடங்கி, நான்காம் நாள் சாயங்காலம் குதிக்கிற பையன்களுக்கு இருபது தப்படி இப்பால் பாயைப் போட்டு அதில் படுக்க வைத்தேன். கொட்டாவி விட்டான். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பாய் வந்த பிறகு வேலை சுலபமாயிற்று. "பாய்க்குப் போ" என்றால் போய்ப் படுக்க வேண்டும், படுத்திருக்கிற வரைக்கும் ஈரலும் முதுகுத் தடவலும் உண்டு. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு வீட்டுக்காரரைக் கூடத்தில் நடக்கச் சொன்னேன். அப்புறம் வேகமாக நடக்க, அப்புறம் ஓட. அறுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் ஓடியதைப் பார்த்து மணியை விட என் மாமியார்தான் அதிகம் கலவரப்பட்டார்.

பிள்ளைகளுக்கும் பாடம் வேண்டும் அல்லவா? தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாய் துரத்தினால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், பனைமரம் மாதிரி நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். காலைச் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்து நிற்பது. ஓடாத பொருளில் மணி மாதிரி நாய்க்குச் சுவாரஸ்யம் கிடையாது. அதுகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தெரு முழுக்கப் பனைமரம். எதிர் வரிசைக் குழந்தை மட்டும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கேட்டில் இரட்டைத் தாழ்ப்பாள் போட்டேன், அவள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு மணியை உள்ளே கட்டினேன்.

ஆவணி இருபத்தெட்டில் மகள் வந்து இறங்கினாள், பெரிய வயிற்றோடு. பேத்தி வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு "ஆச்சி!" என்று கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். பாயில் மணி எழுந்து நின்றான். காது விறைத்தது. என் கையில் ஈரல் இல்லை, டப்பா ஷெட்டில். கயிறு அவர் கையில் தொங்கலாக இருந்தது. அவர் விரல் நடுங்குவதை நான் பார்த்தேன். பேத்தி திரும்ப ஓடி வந்தாள். மணி அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மெல்ல உட்கார்ந்தான். நான் மேஜையில் இருந்த இட்லியைப் பிட்டுக் கொடுத்தேன். தின்றான்.

இப்போது பேரனும் தவழ்கிறான். அவர்கள் வந்து தங்கும்போது பிள்ளைகளையும் மணியையும் பெரியவர்கள் இல்லாமல் ஒரே அறையில் விடுவதில்லை, ஒரு நிமிஷம்கூட. எவ்வளவு நல்ல நாயானாலும் இது எங்கள் வீட்டுச் சட்டம். சாலையில் ஆட்டுக்கூட்டம் வந்தால் மணி இன்றைக்கும் பழைய மணிதான், அதற்கு வேறு பாதையில் சுற்றிப் போகிறோம். போன வாரம் சாயங்காலம் எதிர் வரிசைக் குழந்தை சைக்கிளை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே பனைமரம் மாதிரி நின்றாள். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சி, மணி பாய்லயா இருக்கான்?" என்று கேட்டாள்.